கண்ணை மட்டும் விட்டுவிட்டு

நாகலூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு, அம்மா புவனேஸ்வரி சொல்லச் சொல்லத் தங்கை கவிப்பிரியா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அங்கே மில்லில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன் சாமி. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடியப்போகிறது, மூன்று நாளாக விடாத பனி, விரல் மரத்துப் பாதிப் பழம் கீழே விழுகிறது, அதற்கு ரைட்டர் பெருமாள் கத்துகிறார், அவர் கத்தாத நாள் எது. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. பஞ்சுத் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள், சுடுதண்ணீர் குடி. உன் தங்கை ஜிம்னாஸ்டிக்ஸில் நன்றாக வருகிறாள், பள்ளி விளையாட்டு வாத்தியார் பிரபாகர் சார் இப்போது வயிறு, இடுப்பு, முதுகு எல்லாம் உறுதியாகும்படி பயிற்சி கொடுக்கிறார், நடு உடம்பு ஆடாமல் இருந்தால்தான் பாதம் அகலமே உள்ள பீம் என்ற உயரக் கட்டை மேல் நடக்க முடியுமாம். திங்கட்கிழமை முதல் பத்து நாள் ஏற்காட்டில் பள்ளியிலேயே தங்கிப் பயிற்சி, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போட்டியில் ஜெயித்தால் காலேஜில் இடம் கிடைக்குமாம், இவளாவது மில்லுக்குப் போகாமல் இருக்கட்டும் கண்ணு.

அக்கா, அம்மா சொன்னது அவ்வளவுதான். இனி எழுதுவது நான். அம்மாவுக்குக் கையெழுத்துத் தவிர எழுத்துத் தெரியாவிட்டாலும் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வாள், அதனால் அவள் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் எழுதுகிறேன். முழங்கையையும் கால்விரலையும் மட்டும் தரையில் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்து நிற்க வேண்டும், அதற்குப் பிளாங்க் என்று பெயர். இடுப்பு இறங்கினால் பிரபாகர் சார் ஸ்கிப்பிங் கயிற்றை இரண்டாக மடித்துத் தொடையில் அடிக்கிறார். அடிப்பதற்கு முன் ஏனுங்க மகாராணி, மெத்தை போட்டுத் தரட்டுங்களா என்று கேட்பார். மல்லாந்து படுத்துக் காலையும் தோளையும் தூக்கிப் பிடிக்கும்போது ஷூவோடு வயிற்றின் மேல் ஏறி நிற்கிறார். போன வாரம் கால் வழுக்கி என் விலாவில் மிதித்துவிட்டார், இப்போதும் இருமினால் உயிர் போகிறது. வாழவந்தி ஹரிணியைத் தெரியும் அல்லவா, தனபால் மாமா பெண், மூன்றாம் வகுப்புதான். சனிக்கிழமை அவள் பிளாங்கிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அவள் பாவாடையாலேயே அதைத் துடைக்கவைத்து, அப்படியே பீம் மேல் ஏற்றினார். அவள் கால் நடுங்கியது. அவள் முழங்காலுக்குப் பின்னால் கயிற்றால் ஓங்கி அடித்தார். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள விழுந்தாள், எலும்பு ஒடிந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, முழங்கைக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்திருந்தது. மாமா வந்தபோது சார், நான் இல்லாத நேரத்தில் ஏறி விளையாடியிருக்கிறாள் என்றார். என் பின்கழுத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டே, நீதானே கண்ணு பாத்த, சொல்லு என்றார். ஆமாங்க மாமா என்று சொல்லிவிட்டேன் அக்கா. மாமா எனக்குக் கும்பிடு போட்டு, நீ பக்கத்துல இருந்தியே அதுவே நொம்பப் புண்ணியம் சாமி என்றார். ஹரிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி தப்பில்லை. மூச்சை மெதுவாக விட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் பீம் மேல் எவ்வளவு நேரமானாலும் நிற்பேன், அது எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் கயிறு காற்றில் சுழலும் சத்தம் கேட்டதும் மூச்சு நின்றுவிடுகிறது, மூச்சு நின்றால் கால் ஆடுகிறது, கால் ஆடினால் அடி. தொடையில் நீலம் பாய்ந்ததை அம்மாவிடம் காட்டினேன். எண்ணெய் தேய்த்துவிட்டு, அடி வாங்காம யாருக்குடி வித்தை வந்துச்சு என்றாள். என்னைப் பயிற்சியில் சேர்த்த அன்று அத்தனை பேர் முன்னால், ஏனுங்க சார், கண்ணு ரெண்ட மட்டும் உட்டுப்போட்டுத் தோல உரிச்சுருங்க, எனக்குப் புள்ள மேல வந்தாப் போதும் என்று சொன்னதும் அவள்தான். இங்கே எல்லா அம்மாவும் வாத்தியாரிடம் சொல்வதுதான் அது, யாரும் நிஜமாகச் சொல்வதில்லை. சார் அதை நிஜமாக எடுத்துக்கொண்டார். நான் அழுதால், கண்ணுல பட்டுச்சா, இல்லியே, அப்பறம் என்ன, உங்கம்மா பேச்சத்தான் காப்பாத்தறேன் என்கிறார்.

கேம்பில் மாலையானால் வீட்டுக்கு ஓடி வர முடியாது. ராத்திரியும் பயிற்சி உண்டு என்று சொல்லியிருக்கிறார். நீ சனிக்கிழமைக்குள் வா அக்கா, மில் ஹாஸ்டல் வார்டனிடம் என்ன பொய் வேண்டுமானாலும் சொல். முதலில் வாழவந்திக்குப் போய் ஹரிணியிடம் கேள், நான் பொய் சொன்னதை மாமாவிடம் நீயே சொல்லிவிடு, அவர் என்னை அடித்தாலும் பரவாயில்லை. பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வா. எத்தனை பேர் முன்னால் தோலை உரிக்கச் சொல்லி அந்த வார்த்தையைக் கொடுத்தாளோ அத்தனை பேர் முன்னால் அதைத் திருப்பி வாங்கவேண்டும். நான் சொன்னால் சோம்பேறி என்பாள், நீ சொன்னால் கேட்பாள். காலையில் நானே உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, மெஷின் பக்கத்தில் முடியை விரித்துப் போடாதே, ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இரு என்று அம்மா முடிக்கச் சொன்னாள். ஒருவேளை உனக்கு லீவு தராமல் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் பேசவிட்டால், அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்பாய். நல்லாருக்கேன் என்றுதான் சொல்வேன். நம்பாதே.

இப்படிக்கு,
அம்மா புவனேஸ்வரி,
பின்பக்கம் முழுதும் உன் தங்கை கவிப்பிரியா