துத்தநாக மாத்திரை, இரண்டு கூறு

2004 ஜூலை 5, திங்கள்
கொளுத்தும் வெயில். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை. டயாலிசிஸுக்கு முக்கால் மணி தாமதம். எடை இரண்டரை கிலோ கூடுதல். சிஸ்டரிடம் ஏச்சு.

டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறாராம். எங்களைப் போன்றவர்களுக்கு உடம்பில் துத்தநாகம் குறைவாம். மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இறங்குமா என்று பார்க்கிறார். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது, அந்தப் பட்டியல் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டில் ஏழுமலையும் கைநாட்டு. முகத்துவாரக்குப்பத்து மீன்காரன்.

சாத்தாங்காட்டில் இருபது வருஷமாக இரும்புத் தகடு விற்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்கத் தகட்டில் பூசுவதை இப்போது நானே விழுங்குகிறேன்.

ஜூலை 22, வியாழன்
நாக்கில் ருசி! எத்தனை மாதம் கழித்து. இட்லி இட்லியாக இருந்தது.

ஏழுமலைக்கு ஒரு மாற்றமும் இல்லை. "என்னுது டம்மி அண்ணாச்சி. நம்ம ராசி அப்டி." அவன் அண்ணனும் டயாலிசிஸ்தான். கொழுப்பு அடைத்து மாரடைப்பில் போனான். அந்தப் பயம் இவனுக்கு. இரண்டு பெண்கள்.

ஜூலை 26, திங்கள்
தூறல். நான்தான் சொன்னேன்: "உன் பாட்டிலக் கொண்டா. ரெண்டையும் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கிடுவோம்." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

போர்வை மேல் கொட்டி, மீனைக் கூறு போடுவது போல இரண்டு கூறு. "கண்ண மூடிக்கினு ஒண்ணத் தொடு அண்ணாச்சி." தொட்டேன். பெரிய வள்ளல் என்ற நினைப்பு எனக்கு.

ஆகஸ்ட் 16, திங்கள்
வருகிற வியாழன் கடைசி ரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா கேட்டார்: "இத வச்சுத்தான் நாளைக்கு மத்தவங்களுக்கு மருந்து எழுதுவாங்க. ஒழுங்கா சாப்பிட்டீங்கல்ல?" தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது: நாங்கள் கலந்ததில் அவர் கணக்கே பொய்யாகிவிடும்.

ஆகஸ்ட் 19, வியாழன்
வெறும் வயிறு. ரத்தம் எடுக்கும் முன் உள்ளே போய், மாத்திரையைக் கலந்ததைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கத்தவில்லை, அது இன்னும் மோசம். இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கியாச்சு. மாத்திரையும் நிறுத்தம்.

யாருக்கு எது என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பெரிய டாக்டரிடம் கேட்டு வந்து உறையைப் பிரித்தார்.

என்னுடையது மாவு. அவனுடையதுதான் மருந்து.

அப்போது என் நாக்கு? "நம்பிக்கைதாங்க. சில பேருக்கு அப்படி ஆகும்."

வெளியே வந்தால் ஏழுமலை மெஷினில். "இன்னா சொன்னாங்க அண்ணாச்சி?"

நிறுத்திட்டாங்க என்றேன். மீதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வுடு. நீ குட்த்த பாதிலதான் எனக்கும் இப்போ கொயம்பு ருசி தெர்து. எம் பொண்ணுங்க உன்ன சாமி மாரி பேசிக்கினு கீதுங்க."

அவன் மருந்தில் பாதியைத் தின்றவன் நான். நாலு மணி நேரம் பக்கத்திலேயே படுத்திருந்தேன். சொல்லவில்லை.