அணைத்த மைக்கில் கேட்ட கேள்வி

கிங்ஸ்டன்,
ஞாயிறு மாலை.

அன்புத் தங்கச்சி இசில்டாவுக்கு, அண்ணன் லின்வால் சொல்ல, அடுத்த வீட்டு டீச்சர் வினெட் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பர்மிங்ஹாம் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது?

பனியைக் கண்ணால் பார்க்காத நம் ஊர்ப் பையன்கள் கனடாவுக்குப் போய்ப் பந்தயத்தில் பனிவண்டி ஓட்டிக் கவிழ்ந்தார்களே, அந்த வருஷம். செப்டம்பரில் கில்பர்ட் புயல் வந்து நம் கூரைத் தகரத்தைக் கொண்டுபோய்ப் பாதிரியார் வீட்டு மாமரத்தில் தொங்கவிட்டதே, அதே வருஷம். புயலுக்கு ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எந்த வியாழன் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடாமல் யாரையாவது கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேள்.

அப்போது பல்கலைக்கழகத்தில் வியாழன்தோறும் பொருளாதாரப் பொதுச் சொற்பொழிவு. யார் வேண்டுமானாலும் வரலாம். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தால் நீளக் கம்பி மைக்கைத் தூக்கிக்கொண்டு, கை தூக்கியவர்களிடம் ஓடுவது என் வேலை. படிக்கத் தெரியாதவனுக்கு அங்கே கிடைத்த மரியாதையான வேலை அது ஒன்றுதான்.

அன்றைக்கு டாக்டர் ஆஷ்மீட் பேசினார். புயலுக்குப் பிறகு விலை ஏறியதற்குச் சந்தைக்காரிகளும் காரணம் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினார். பாப்பைன் சந்தையிலிருந்து ஏப்ரனோடு வந்து நீ ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கை தூக்கினாய். முன்வரிசைக் கோட்டுக்காரர்களுக்கு முதலில் கொடு என்று கூட்டத் தலைவர் ஹெரன் எனக்குச் சொல்லிவைத்திருந்தார். இரண்டு தடவை உன்னைத் தாண்டிப் போனேன். மூன்றாம் தடவை நீ என் சட்டையைப் பிடித்துவிட்டாய்.

உன் வார்த்தை ஒன்றுகூட நான் மறக்கவில்லை. "ஐயா, இன்னைக்கு நான் வித்த கோசு நேத்தே வாங்கினது. நேத்து விலைக்கு அதை வித்துட்டா, நாளைக்கு கிறிஸ்டியானா மலையிலேர்ந்து லாரி வர்றப்ப நான் எதைக் குடுத்து வாங்குவேன்? உங்க வாய்க்கு ஒரு கோசு, நாளைக்கு என் கூடையில ஒண்ணுமில்ல, அப்படித்தானே?"

சட்டம் படிக்கிற பையன் ஒருத்தன், கார்ல்டன், பின்னாலிருந்து கத்தினான்: "அம்மா, இது கேள்வியா பிரசங்கமா?"

நீ திரும்பியே பார்க்கவில்லை. "பிரசங்கம்னா காணிக்கைத் தட்டை எடுத்துட்டு வா ராசா, முதல்ல உன் பையிலேர்ந்து போடு!"

கூடம் அதிரச் சிரித்தது. ஹெரன் மணியை அடித்தார். என்னைப் பார்த்து, கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

மைக் செத்தது. வாசலில் நீ கேட்டாய்: "உன் விரல்தானே லின்வால்?" கம்பி அறுந்துபோச்சு என்றேன்.

கம்பி அறவில்லை, தங்கச்சி. என் விரல்தான். முப்பத்தாறு வருஷமாக இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜனவரியில் நீ விமானம் ஏறினாய். அப்புறம் கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் நீ அனுப்பிய சாமான் பீப்பாய் வந்தது, அதில் சோப்பு வந்தது, என் அளவுக்குச் செருப்பு வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. நான் மறுநாளே மைக் வேலையை விட்டு, அங்கேயே தோட்ட வேலைக்கு மாறிக்கொண்டேன். அந்தக் கூட்டம் எப்படி முடிந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

போன செவ்வாய் ஒரு பெண் என் வாசலுக்கு வந்தாள். பெயர் ஷெரீஸ், பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறாள். பென்ஷனை நிறுத்த வந்திருக்கிறாளோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவள் பையிலிருந்து எடுத்தது அந்த வியாழன் ஒலிநாடா. அன்றைக்குக் கூடத்து மேசைமேல் பதிவுக் கருவி தனியாக இருந்தது, அதற்குத் தனி மைக். எனக்கு அது தெரியவே தெரியாது.

இசில்டா, நீ பேசியது முழுசாக இருக்கிறது! என் மைக் செத்த பிறகு உன் குரல் இன்னும் பெரிசாகிறது. சந்தையில் கூவின தொண்டை அல்லவா. "வித்ததுக்குக் கோடு போட்டீங்க. அழுகி நான் குப்பையில கொட்டினதுக்குக் கோடு எங்கே?" அப்புறம் கதவு அறையும் சத்தம். நீயும் உன் பின்னால் நானும்.

அதற்கப்புறம் நடந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியாதது. ஆஷ்மீட் சொல்கிறார்: "கொட்டினதை நான் கணக்குல எடுக்கல. அந்தம்மாவைக் கூப்பிடுங்க." போய்விட்டாள் என்கிறார் ஹெரன். "அப்ப எழுதிக்குங்க. அவங்க சொன்னது சரி. என் கோடு தப்பு."

மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஆஷ்மீட் கணக்கைத் திருத்தி அச்சுப் போட்டபோது 'சந்தைக்காரப் பெண் ஒருத்தி கேட்டதால்' என்று எழுதினாராம். இப்போது மறுபடி அச்சிடுகிறார்கள். ஒருத்தி என்று போடாமல் பெயர் போட வேண்டும் என்கிறாள் ஷெரீஸ். போடலாமா என்று நீ சொல்ல வேண்டும். ஒரு வரி போதும். எனக்கு என்று தனியாக எழுத மனசில்லை என்றால், அவளுக்கு எழுது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.

சளிக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி. கடவுள் உன் மூச்சை நீட்டித்துத் தரட்டும்.

இப்படிக்கு என்று டீச்சர் எழுதுவதற்கு முன்னால் இன்னொன்று. ஒலிநாடாவில் பேசுகிறவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஹெரன் சர்க்கரை வியாதியில் கால் எடுத்துப் போய்ச் சேர்ந்தார். ஆஷ்மீட் பார்படோசில், தூக்கத்திலேயே. கார்ல்டன் வக்கீலாகி, வயிறு வைத்து, ஸ்பானிஷ் டவுன் சாலையில் கார் கவிழ்ந்து போனான். மைக் பிடித்தவன் குரல் எதிலும் பதிவாகவில்லை. மிச்சம் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன், முழுப் பெயரையும் சொன்னேன்: இசில்டா மே மினாட்.