மாலினி என்றொரு பியோனி

27 ஏப்ரல் 2025, ஞாயிறு
ஹவுன்ஸ்லோவில் புவனேந்திரன் அண்ணையின் ஜப்பான் மரப்பியோனிச் செடி பூத்துவிட்டது. ஊதா நிறம், சாப்பாட்டுக் கோப்பை அகலம். தூரிகையால் மகரந்தத்தைத் தட்டி எடுத்தேன். "இராஜேந்திரன், ஒரேயொரு பூவிலயிருந்துதான் எடுக்கலாம்" என்று பக்கத்திலேயே நின்றார்.

எங்கள் நோர்பரி வீட்டில் நிற்பது வெள்ளைப் பியோனி, மாரியில் நிலத்தோடு போய் மறுபடி முளைக்கும் வகை. இரண்டையும் கலந்தால் புதுப்பூ. ஆனால் வெள்ளை மே கடைசியில்தான் பூக்கும். அதுவரை மஞ்சள் மகரந்தத் தூள், கடதாசிப் பொட்டலமாக ஃபிரிட்ஜில்.

முப்பதாவது கலியாண நாளை மறந்த குற்றத்துக்கு, புதுப்பூவுக்கு மனைவி மாலினியின் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதுவும் பிழையாய்ப் போனால் எனக்குப் போக்கிடமில்லை.

28 ஏப்ரல்
மாலினிக்கு வரலாறு சொன்னேன். இந்தக் கலப்பை முதலில் ஒப்பேற்றிய ஜப்பானியர் ஆயிரத்துக்கும் மேலான பூக்களில் முயன்றவர். அதில் வந்த மஞ்சள் பூ விரியுமுன்னே இறந்துபோனார்.
"அப்ப நீங்களும் பாக்கமாட்டியள்" என்றாள், கறியைக் கிளறியபடி.

20 மே
இம்முறை ஒரேயொரு மொட்டு. விரியுமுன் அதன் சொந்த மகரந்தப் பைகளைச் சாமணத்தால் பிடுங்கிவிட்டு, கடதாசிப் பையால் மூடிக் கட்டினேன். தேனீ, எறும்பு, ஒருவருக்கும் அனுமதியில்லை.

23 மே, வெள்ளி
அநியாயம். காலையில் பையைக் கழற்றினேன். பூவின் நடு பிசுபிசுக்கிறது — மகரந்தம் ஏற்க ஆயத்தம். உள்ளே ஓடி ஃபிரிட்ஜைத் திறந்தேன். சம்பல் இருக்கு, மோர்மிளகாய் இருக்கு, பொட்டலம் எங்கை?

சாமி அறையிலிருந்து மாலினி வந்தாள். நெற்றி நிறைய மஞ்சள்.

மடித்த விதம் என் பிழைதான். கோயிலில் ஐயர் திருநீறு மடிக்கிற அதே மடிப்பு. எனக்கு வேறு மடிப்புத் தெரியாது. கோயில் சந்தனம் என்று நினைத்தாளாம். மிச்சத்தைச் சாமிப் படங்களுக்கு வைத்துவிட்டாளாம்.

தூரிகையோடு அவள் நெற்றிக்குக் கிட்டப் போனேன். அதுதான் அவளுக்குக் கோபம். அப்படி என்ன பெரிய பூ என்று தோட்டத்துக்குப் போய், முகத்தை உள்ளே விட்டு மணந்தாள். அதற்கும் கத்தினேன். பிறகு பையைத் திரும்பக் கட்டினேன். ஏன் கட்டினேன்? தெரியாது.

24 மே
மாலினி சமைக்கவில்லை. இரவுச் சாப்பாடு: கடைப் பாண்.

17 ஜூன்
காய் பருக்கிறது!
சொந்த மகரந்தத்தை நானே பிடுங்கினேன். பையும் போட்டேன். பை இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில் பூவுக்குள் போனது ஒரேயொரு முகம்.
முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். அவளிடம் சொல்லத் துணிவில்லை.

30 ஆகஸ்ட்
காய் வெடித்தது. இரண்டு கறுப்பு விதை. சட்டியில் ஊன்றிவிட்டு எல்லாவற்றையும் சொல்லி, கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். எப்போது பூக்கும் என்று மட்டும் கேட்டாள். ஐந்தாறு வருஷம் என்றேன்.
"கலந்தது நானெண்டா, பேர் வைக்கிறதும் நானெல்லோ."
அட்டையில் எழுதினேன்: தாய் — நோர்பரி வெள்ளை. தந்தை — ஹவுன்ஸ்லோ ஊதா. கலந்தவர் — மாலினி. பெயருக்கு இடம் விட்டேன்.

1 செப்டம்பர்
சட்டியில் மூன்று கோடு திருநீறு. பெயருக்கு விட்ட இடத்தில், அவளுடைய எழுத்தில்: இராஜேந்திரன்.
ஏன் என்று கேட்டேன்.
"பேர் போட்டாச்சு. இனி அது பூக்குமட்டும் நீங்கள் எங்கையும் போகேலாது."