சப்பரத்தில் இரண்டு ஓம்

ஞாயிறு, இரவு.

மாலையில் பவனி புறப்படும் முன், மாதா சப்பரத்தின் விளக்கு ஒயர்களை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். கம்பெனியில் மோட்டார்களுக்கு நான் தினமும் செய்யும் சோதனைதான். ஜெனரேட்டர் இன்னும் போடவில்லை. ஒயருக்கும் சப்பரத்தின் இரும்புக்கும் நடுவே மீட்டரில் எந்த எண்ணும் வரக்கூடாது. இரண்டு ஓம் காட்டியது. மறுபடி வைத்தேன். அதே இரண்டு.

விளக்குக் கட்டியது என் கூடப்பிறந்த அருள் அண்ணன்.

"ஒயரு எங்கயோ இரும்புல தொடுதுண்ணா. கரண்ட் குடுக்காத."

"மழை ஈரம் அது. ஊரே நிக்குது, மானத்த வாங்காத."

அவன் ஜெனரேட்டர் பக்கம் நடந்தான். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். கூட்டம் பாடிக்கொண்டிருந்த மாதா பாட்டு நின்றுவிட்டது. பங்குச் சாமியார் வந்து என்னவென்று கேட்டார்.

"லைட்டு எரிஞ்சா தூக்குறவங்க உசுரு போயிருங்க சாமி."

அவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெழுகுவத்தியோட போலாம்" என்றார்.

சப்பரம் இருட்டிலேயே ஊரைச் சுற்றியது. அண்ணன் முன்பக்கத்து இரும்புத்தண்டைத் தோளில் தாங்கினான். என் பக்கம் திரும்பவே இல்லை. இறக்கி வைத்ததும் அவனே ஜோடனைத் துணியைப் பிரித்தான். துணியை இறுக்க அவன் முறுக்கிய கட்டுக்கம்பி, ஒயரின் தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அதை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யாரிடமும் காட்டவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

அண்ணி இரண்டு தரம் கூப்பிட்டும் அண்ணன் சாப்பிட வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். கரண்ட் கொடுத்திருந்தாலும் அந்த இரும்புத்தண்டு அவன் தோளில்தான் இருந்திருக்கும்.