பத்தாவது வண்டியின் முதல் சீட்

ஆடி 27, திங்கள்
காற்று மட்டும். மழை இல்லை. மேட்டூர் திறந்து பத்து நாள் ஆகிறதாம். எங்கள் வாய்க்காலுக்கு வந்தால்தான் நம்புவேன். நாற்றங்கால் உழுதது உழுதபடி காய்கிறது.

வேலை: மண்வெட்டிக்குப் புதுக் காம்பு. மாட்டுக்குத் தவிடு. நெற்றிப் புண்ணுக்கு மருந்து (மாட்டுக்கு).

இந்த டைரி வீரையன் பஸ் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்தது. அட்டையில் அவன் பஸ் படம். பழைய பேப்பரை ஒட்டி மறைத்துவிட்டேன். ஊருக்கு நான் கைநாட்டு. என் பெண்டாட்டி பெரியபொண்ணு நினைப்பதும் அப்படித்தான், கட்டிக்கொண்டு முப்பத்தாறு வருஷமாகியும். முதியோர் பள்ளிக்கு நாலு மாதம் போனேன். மீதி எழுத்தெல்லாம் ஊருக்கு பஸ் நிற்கிற கைகாட்டியில் நின்று பஸ் போர்டு பார்த்துக் கற்றது. 'கு' என்றால் குடவாசல். 'தி' என்றால் திருவாரூரா திருத்துறைப்பூண்டியா என்று அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் வீரையன் பஸ் போர்டு. அவன் தயவில் படித்தேன் என்று ஆகிவிட்டது பார்.

வீரையன் எனக்குச் சகலை. நான் அக்காளைக் கட்டினேன், அவன் தங்கச்சியை. பஸ்ஸுக்குத் தங்கச்சி பெயர், சின்னப்பொண்ணு மோட்டார்ஸ். கும்பகோணம் வரைக்கும் அந்தப் பெயர் ஓடுகிறது. பெரியபொண்ணு பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

சாயங்காலம் சின்னப்பொண்ணு காரில் வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வேட்டி.

"அத்தான், புது வண்டி வந்திருக்கு. கரூர்ல பாடி கட்டி முடிச்சுட்டாங்க. வீடியோ கோச். மெட்ராஸுக்கு ஓடப் போவுது. வர்ற வியாழக்கிழமை இல்ல, அதுக்கடுத்த வியாழன். ஆவணி ஆறு. நீங்கதான் மொத சீட்டுல வந்து உக்காரணும்."

"எனக்கு நாத்தங்கால் வேலை இருக்கு."

"தண்ணியே வரலியே அத்தான்."

வீரையனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சு குழறுகிறதாம். "அத்தானைக் கூப்பிடுன்னு மட்டும் தெளிவா சொல்றாரு" என்றாள். காரில் ஏறும்போது அக்காள் கையில் எதையோ திணித்தாள். மல்லிகைப்பூ. அதையும் பார்த்துவிட்டேன்.

வீரையன் என்று முழுதாக எழுதக் கை வரவில்லை. இனி வீ.

ஆடி 28, செவ்வாய்
வெயில். தண்ணீர் இல்லை.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நானும் வீ.யும் ஒரே மிராசுதாரிடம் ஆளுக்கு ஆறு மா நிலம் குத்தகை. ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சொன்ன காலம். மிராசுதார் கூப்பிட்டு, பதிவு கேட்காதே, ஒரு தொகை தருகிறேன், நிலத்தை விட்டுவிடு என்றார். வீ. வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான். நான் செங்கொடி பிடித்தேன். தாசில்தார் ஆபீஸ், கோர்ட்டு, பதினெட்டு நாள் ஜெயில், முதுகில் லத்தி. கடைசியில் பதிவேட்டில் என் பெயர். அன்று நான்தான் பெரிய ஆள். தெருவில் மாலை போட்டார்கள். வீ.யைப் பார்த்துக் காறித் துப்பினார்கள்.

அவன் அந்தப் பணத்தில் மூக்கு நீண்ட பழைய பஸ் ஒன்று வாங்கினான். விவசாயச் சங்கத்தில் முடிவு, அவன் பஸ்ஸில் ஒருத்தரும் ஏறக்கூடாது. முதல் நாள் காலை, தூறல். கைகாட்டியில் வண்டி நிற்கிறது. நடவுக்குப் போகிற சனம் முப்பது பேர் ஓரமாக நிற்கிறது. யாரும் அசையவில்லை. வீ. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் மண்வெட்டியோடு நின்றேன். அவன் மண்ணைக் கவ்வுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன், "ஓடம்போக்கிப் பாலம் தாண்டாது."

என்னைப் பார்த்ததும் சனம் ஏறிவிட்டது. ஜெயிலுக்குப் போனவனே ஏறிவிட்டான், நமக்கு என்ன என்று. பாலம் தாண்டியது. குடவாசல் தாண்டியது. சங்கத்தில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

அன்றிலிருந்து வீ. ஒவ்வொரு புது வண்டிக்கும் என்னைக் கூப்பிடுவான். "அண்ணன் உக்காந்தாத்தான் வண்டி கெளம்பும்." ராசியாம். நானும் போவேன், ஒவ்வொரு தடவையும் திட்டிவிட்டு வருவேன், வாய்க்குள்ளேயே.

முதல் வண்டி: பாலம் தாண்டாது.
2, பச்சை: நாலே மாசத்தில் காயலாங்கடை.
3: சீட்டில் காக்காய்தான் உட்காரும். (தீபாவளிக்குக் கூரை மேலெல்லாம் ஆள்.)
4, 5 ஒரே நாளில்: ஒன்றோடு ஒன்று மோதட்டும்.
6: பர்மிட் போகும்.
7: மழையில் ஒழுகும். (என் வீடு ஒழுகியது.)
8, 9: ஞாபகம் இருக்கிறது, எழுத முடியாது.

ஒன்பதும் ஓடுகிறது.

ஆடி 30, வியாழன்
தண்ணீர் மன்னார்குடி தாண்டிவிட்டதாம். டீக்கடைப் பேச்சு.

அங்கேயே இன்னொரு பேச்சும். ஒருத்தன் சொல்கிறான், "வீரையன் வண்டியில டிவி வச்சிருக்கானாம்யா, படம் முடியறப்போ மெட்ராஸு." இன்னொருத்தன் என் பக்கம் திரும்பி, "என்ன கோவிந்தண்ணே, சகலைக்கு ராசிக்காரர் நீங்கதானே. எனக்கும் ஒரு தடவை வந்து உக்காருங்களேன், சைக்கிள் வாங்கப்போறேன்." எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆறிவிட்டது.

வரும் வழியில் வரப்பில் நின்றுவிட்டேன். எப்படி இத்தனை வருஷம் தோன்றவில்லை! நான் திட்டித் திட்டித்தான் அவன் பெருகியிருக்கிறான். என் திட்டு அவனுக்கு உரம். அப்படியென்றால் வாழ்த்தினால்?

பத்தாவது வண்டியை மனசார வாழ்த்தப் போகிறேன். முதல் சீட்டில் உட்கார்ந்து, நன்றாக இருக்கணும், நூறு வண்டியாகணும் என்று. ஒரே வாழ்த்தில் எல்லாம் படுத்துவிடும்.

ராத்திரி சோறு நன்றாக இறங்கியது. கருவாட்டுக் குழம்பு.

ஆவணி 1, சனி
லேசான மேகம்.

வாழ்த்திப் பழகினேன். வரவில்லை. மாட்டைத் தடவிக்கொண்டே "வீரையன் நல்லா இருக்கணும்" என்று சொல்லிப் பார்த்தேன். 'நல்லா' வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. மாடு தலையைத் திருப்பிக்கொண்டது. குளத்தங்கரைப் பிள்ளையாரிடம் போய் மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தடவை முழுசாக வந்தது.

பின்னால் பெரியபொண்ணு, இடுப்பில் குடத்தோடு.

"யாரை நல்லா இருக்கச் சொல்றீங்க?"

"யாரையோ."

"வீரையன்னு காதுல விழுந்துச்சே."

"ஒடம்பு சரியில்லாத ஆளு. சொல்லக் கூடாதா?"

குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சலா என்று. அப்புறம் அவள் கண் கலங்கிவிட்டது. "இப்பவாவது மனசு வந்துச்சே" என்றாள். அவளை ஏமாற்றியது கொஞ்சம் உறுத்தல். கொஞ்சம்தான்.

ஆவணி 3, திங்கள்
தண்ணீர் இன்னும் இல்லை. எழுத்து கோணல்.

முருகேசன் வந்தான். என் மகன், ஒரே பிள்ளை. திருவாரூரில் நெல் லாரி ஓட்டுகிறவன். அறுவடைக்கும் நாற்று விடுவதற்கும் லீவு போட்டு வந்துவிடுவான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"அப்பா, லாரிய விட்டுட்டேன். சித்தப்பா கூப்பிட்டு விட்டாரு. மெட்ராஸ் வண்டி எனக்குத்தான்."

"எந்த மெட்ராஸ் வண்டி?"

"எத்தனை இருக்கு? வியாழக்கிழமை நீங்க உக்காரப் போறீங்களே, அதுதான். நீங்க பின்னாடி, நான் முன்னாடி."

பெரியபொண்ணு அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு முன்னமே தெரியும். மல்லிகைப்பூ அதற்குத்தான்.

"நெலத்த யாரு பாக்கறது?" என்றேன்.

"ஆறு மாப்பா. தண்ணி வந்தா பயிரு, வராட்டி தரிசு. நான் என்ன சொல்றது."

லத்தி அடி வாங்கினது அந்த ஆறு மாவுக்கு. அவனிடம் சொல்லவில்லை. சட்டைப் பையில் புது லைசென்ஸ் அட்டை வைத்திருந்தான், சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை எடுத்துப் பார்த்தான்.

மண்ணை விட்டவனிடம் என் பிள்ளையும் போகிறான். வீ.க்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாது. ஓட்டுவதற்கு என் பிள்ளை வேண்டும்.

ஆவணி 4, செவ்வாய்
தூக்கமில்லை. வாழ்த்தினால் வண்டி படுத்துவிடும் என்று நானே கண்டுபிடித்தேன். அந்த வண்டியில் முருகேசன். திட்டினால் வண்டி நன்றாக ஓடும். ஆனால் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிற வண்டியை எந்த அப்பன் திட்டுவான்?

போகாமல் இருந்தால்? வண்டி ராசி இல்லாமல் கிளம்பும். அதிலும் முருகேசன்.

பிள்ளையாரிடம் சொன்ன மூன்று வாழ்த்தையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். தேங்காய் ஒன்று.

ஆவணி 6, வியாழன்
காலையில் பளிச்சென்று வெயில். புது வேட்டி கட்டினேன், சின்னப்பொண்ணு கொடுத்ததுதான். வேறு இல்லை.

திருத்துறைப்பூண்டி ஷெட். வண்டி வெள்ளை, நீலப் பட்டை. சீட்டெல்லாம் மெத்தை. கண்ணாடிக்கு மேலே டிவி, அதற்குப் பட்டுத் துண்டு. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம். பூசணிக்காய். வழக்கம் என்னவென்றால், ஷெட்டிலிருந்து எங்கள் கைகாட்டி வரை என்னை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும். அப்புறம்தான் மற்றவருக்கு டிக்கெட்.

முதல் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வீ.யை இரண்டு பேர் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். எட்டு மாதத்தில் பாதியாகிவிட்டான். வலது கை மடியில் கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இவனையா இத்தனை வருஷம், என்று ஒரு நிமிஷம். பிறகு அவன் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தேன், பழையபடி ஆகிவிட்டது.

முருகேசன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினான். வீ. இடது கையைத் தூக்கி நிறுத்தினான். இன்னும் இல்லை என்று.

என் காதருகே சாய்ந்தான். "அண்ணே. திட்டு."

"என்னது?"

"பாலம்... தாண்டாது. சொல்லு."

கண்ணாடியை விரலால் காட்டினான், டிரைவர் பார்க்கிற கண்ணாடி. முதல் நாளே அதில் என் வாயைப் பார்த்திருக்கிறான். ஒன்பது தடவையும் பார்த்திருக்கிறான்.

"தெரிஞ்சுமா கூப்புட்டே?"

"நீ ஏறுனே... சனம் ஏறுச்சு." இளைத்தான். "நீ திட்டுனா... நான் பயந்து ஓட்டுனேன். நிதானமா. திட்டுண்ணே. பையன்... பயந்து ஓட்டணும்."

அந்தக் கண்ணாடியில் இப்போது முருகேசன் கண். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே மேளக்காரர் வாசித்து முடித்துவிட்டார். வீ. முகம் விழுந்துவிட்டது. கையை இறக்கினான், வண்டி நகர்ந்தது. கைகாட்டியில் இறங்கும்போது முருகேசன், "பாத்துப்பா, படி உசரம்" என்றான்.

மதியம் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

மூன்று மணிக்கு வாய்க்காலில் சத்தம். தண்ணீர். கலங்கல், குப்பையோடு நுரைத்துக்கொண்டு வந்தது. ஆள் இல்லை, நானே மடை வெட்டினேன். நாற்றங்காலில் பாதிக்கு நின்றது. நாளைக்கு விதை ஊற வைக்க வேண்டும், இரண்டு மூட்டை, தனியாகத் தூக்க வேண்டும்.

ஐந்தரைக்கு மெட்ராஸ் வண்டி, திருத்துறைப்பூண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு. எல்லா சீட்டிலும் தலை. கைகாட்டியைத் தாண்டும்போது முருகேசன் என்னை வரப்பில் பார்த்து இரண்டு ஹாரன் அடித்தான். மண்வெட்டியைக் கீழே போட்டேன். வண்டி திருவாரூர்ப் பக்கம் திரும்பும் வரை நின்று, ஊரே கேட்கிற மாதிரி கத்தினேன், பாலம் தாண்டாது. மூன்று தரம்.