பொருள் 14: ஒரு நாட்டுக்கு ஆதரவு

மேலக்காடு,
கீரமங்கலம் வழி,
பிப்ரவரி 9.

அன்புள்ள தம்பி செந்தமிழனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது மரபு. முன் பாதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின் பாதி முழு உண்மை. நீ கடைசியாகப் பேசி நான்கரை மாதம் ஆகிறது.

இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றையும் நீ கொடுத்த ராணுவத் தபால் எண்ணுக்குத்தான் அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளும்படி தபால்காரர் ஆரோக்கியதாஸ் சொல்கிறார். "வாங்குறதுக்கு ஆள் இல்லைன்னா திரும்பி வந்துரும் டீச்சர்" என்றார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். அந்த அனுபவம் முழுவதும் கீரமங்கலத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் கிடைத்தது என்பதை நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

கடிதங்களை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று சொல்லியிருந்தாய். தமிழ் தெரிந்த ஒருவரை அதற்கென்று வைத்திருந்தால், அவரும் உன்னைப் போலக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறியவராகத்தான் இருப்பார். ஐயா, உங்களுக்கும் என் வணக்கம். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி எழுதிக்கொண்டிருப்பார்கள். படித்துவிட்டு, மேலே யாரிடமும் சொல்லாமல் ஒட்டி அனுப்பிவிடுங்கள். எச்சரிக்கைக்காக நாடுகளின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். உனக்குச் சீருடை மாட்டி நிறுத்தியிருப்பது பெரிய நாடு. அது எல்லை தாண்டி நுழைந்திருப்பது சின்ன நாடு. புரிந்துகொள்ள இது போதும்.

கடைசி போனில், வாய்ப்புக் கிடைத்தால் சின்ன நாட்டின் பக்கம் போய்ச் சரணடைந்துவிடுவேன் என்றாய். உடனே, "ஆனா இந்தச் சட்டையோட போனா பாத்த ஒடனே சுட்டுருவாங்கக்கா" என்றாய். அதோடு தொடர்பு அறுந்தது. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் யோசித்தேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் எனக்குத் தோன்றிய வழியும் காகிதமாகவே இருந்தது. நம் ஊர் சின்ன நாட்டை ஆதரிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால், நம் ஊர்ப் பையன் கையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒரு நொடி யோசிப்பார்கள் அல்லவா? எனக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான்.

எனவே குடியரசு தினக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தேன். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் தேர்தல் இல்லை. தனி அலுவலர்தான் நம்மை ஆள்கிறார். தனக்கே தலைவர் இல்லாத ஊராட்சி, கண்காணாத ஒரு நாட்டின் இறையாண்மையை ஆதரிப்பதற்காகக் கூடியது. செயலாளர் முத்துராஜ் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெருவிளக்கு வருது, குடிதண்ணி வருது, வெளிநாடு வரலையே டீச்சர்" என்றார். கடைசியில் இதர பொருள்களின் கீழ், தெருநாய்க் கட்டுப்பாட்டுக்கு அடுத்ததாக, பொருள் எண் பதினான்கு என்று சேர்த்தார்.

முதலில் எழுந்து பேசியவர் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பன். அடுத்தவன் மண்ணில் காலை வைப்பவன் மனிதனே இல்லை என்று பத்து நிமிடம் பேசினார். ராக்கன் மாமாவின் வரப்பைப் போன வருடம் ஒரு முழம் வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். மாமா எழுந்து, "ஏப்பா, அந்தத் தீர்மானத்துல என் வரப்பையும் ஒரு ஓரமாச் சேத்துக்கங்க. தாலுகா ஆபீசுல கேக்கல, அவுகளாவது கேக்குறாகளான்னு பாப்போம்" என்றார். சபை சிரித்தது. கருப்பனும் சிரித்தார். வரப்பு வெட்டப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.

நான் எழுதிப் போயிருந்த வாசகத்தில், பெரிய நாட்டின் படையெடுப்பைச் சபை வன்மையாகக் கண்டிக்கிறது என்று இருந்தது. அப்பா கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று எழுந்தார். "கண்டிக்க வேண்டாங்க. நம்ம பய அவங்க கையிலதான் இருக்கான். அவங்கதான் சோறு போடுறாங்க" என்றார். முத்துராஜ் 'கண்டிக்கிறது' என்பதை அடித்துவிட்டு 'கவலை கொள்கிறது' என்று எழுதினார். 'படையெடுப்பு' நீங்கி 'நிலவரம்' வந்தது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் சேர்ந்தது. பெரிய அரசுகள் வெளியிடும் அறிக்கைகளை இத்தனை நாள் வகுப்பில் கிண்டல் செய்துவந்தவள் நான். இனி செய்ய மாட்டேன். அவர்களுக்கும் எங்கோ ஒரு செந்தமிழன் சிக்கியிருப்பான் போல.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சியது: மேலக்காடு ஊராட்சி சின்ன நாட்டு மக்களுக்கு ஆதரவு தெரிவிக்கிறது, இவ்வூரைச் சேர்ந்த ஆண்டியப்பன் மகன் செந்தமிழன், கடவுச்சீட்டு எண் இன்னது, அவர்கள் முன் வந்தால் சுடாமல் ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறது. நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து, முப்பத்தொரு கைநாட்டு. டில்லியில் உள்ள அவர்கள் தூதரகத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உன் போட்டோவும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எட்டாம் நாள் மின்னஞ்சலில் பதில் வந்துவிட்டது. தங்கள் ஊர் மக்களின் ஆதரவுக்கு எங்கள் நாட்டின் நன்றி என்று இரண்டு வரி. மரியாதையான வரிகள். உன் பெயர் அதில் இல்லை. முத்துராஜ் அதை அச்செடுத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார். கீரமங்கலம் கடைவீதியில் நம் ஊருக்கு இப்போது தனி மதிப்பு. ஒரு நாடே நன்றி சொன்ன ஊர். முன்பெல்லாம் எதிர்ப்படுகிறவர்கள் தம்பியைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. அதான் பதில் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டார்கள்.

போன வாரம் நம் அரசாங்கத் தரப்பிலிருந்து போன் வந்தது. உன் பெயர் காயம்பட்டவர்கள் பட்டியலில் இல்லை, பிடிபட்டவர்கள் பட்டியலிலும் இல்லை என்றார்கள். பெயர் தெரியாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். அதில் நீ இல்லை என்று உறுதிசெய்து கொள்ளப் பெற்றோரின் ரத்தம் வேண்டுமாம். பேசியவர் நல்ல மனிதர். 'இல்லை என்று' என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

அம்மாவிடம் சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி இருவரையும் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அம்மா முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ரத்தம் எடுத்த பெண் படிவத்தை நிரப்பும்போது, காணாமல் போனவருக்கு என்ன உறவு என்று சத்தமாகக் கேட்டாள். அம்மா, "ஆத்தா" என்று மட்டும் சொன்னது. பஸ் ஆலங்குடியைத் தாண்டியது. பிறகு, முடிவு எப்ப வரும் என்று கேட்டது. இரண்டு மாதம் ஆகும் என்றேன். "அப்ப ரெண்டு மாசத்துக்கு ஒண்ணும் இல்ல" என்றது. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, உனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தது. நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

மற்ற செய்திகள்: பனியில் முல்லை பிடிக்கவே இல்லை. அப்பா இப்போதும் விடியுமுன் டார்ச்சோடு போய், இல்லாத மொட்டைத் தேடிக்கொண்டு வருகிறார். அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று தினமும் என் போனில் பார்க்கச் சொல்கிறார். நான் பத்து டிகிரி கூட்டிச் சொல்கிறேன்.

தம்பி, தீர்மானம் யார் கைக்கும் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். ஆகவே இன்னொரு வழியும் தேடி வைத்திருக்கிறேன். சின்ன நாட்டின் மொழியில் சுடாதீர்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்: நெ ஸ்திரிலியாய்தெ. அம்மாவும் ஒரு வாரமாகச் சொல்லிப் பழகுகிறது. அடுப்படியில், மாட்டுக்கொட்டகையில், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. இந்நேரம் என்னைவிட நன்றாகவே வருகிறது. நீயும் பழகு. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில், மெதுவாக நட. ஓடாதே. சொல்லிக்கொண்டே நட. அவர்கள் ஏதாவது பதில் சொல்லும் வரை கையை இறக்காதே, தம்பி.

உன் அக்கா,
சுடர்விழி