ஆளா, கல்லா?

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாமல் ஊர் முழுக்க டிரைவர் என்று பேரெடுத்த என் நைனாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து உன் மகள் செல்வி எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி, சேதி அப்படிப்பட்டது. நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டேன். பழைய வண்டிதான், கதவை இரண்டு தடவை அறைந்தால்தான் மூடும். ஆனாலும் நம் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைனில் காலையில் அதை வெளியே எடுக்கும்போது, பல் துலக்குகிறவர்கள் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறார்கள்.

வண்டி பழகிய நாளிலிருந்து உன்னிடம் கேட்க வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன. எட்டு வயதில் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வைண்டிங் ரூமுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? ஒரு நாற்காலி, உன் கையில் ஒரு லீவர், எதிரே நம் வீட்டைவிடப் பெரிய உருளையில் இரும்புக் கயிறு. கயிற்றின் நுனியில் கேஜ் என்ற இரும்புக் கூண்டு தொங்குகிறது, சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கி ஏறுவதும் வெட்டிய கல் மேலே வருவதும் அதில்தான் என்றாய். நான் கேஜைத் தேடினேன். "அது இங்கேர்ந்து தெரியாதும்மா. மணி அடிப்பாங்க, அதக் கேட்டு ஓட்டணும்" என்றாய்.

கண்ணால் பார்க்காததை ஒரு மனிதன் எப்படி ஓட்டுவான்? அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. கயிறு சுற்றிய வேகம்தான் மனதில் நின்றது. எங்கள் நைனா மாதிரி ஸ்பீடாக ஓட்ட ஆளே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். காரில் உட்கார்ந்ததும் அந்த ஸ்பீடுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

போன மாதம் அம்மாவுக்குப் பெங்களூரில் கண் காட்ட வேண்டியிருந்தது. அவளுக்கு வலது கண் மங்கிவிட்டது. ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடிக்கக் கிளம்பினோம், கிளம்பும்போதே தாமதம். குறுகலான சாலை, முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். விடாமல் ஹார்ன் அடித்தேன். அவர் ஒதுங்க இடமே இல்லை, அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் உரசுகிற மாதிரி முந்தினேன். கண்ணாடியில் பார்த்தபோது சைக்கிள் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது.

நான் நிற்கவில்லை, நைனா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ரயில் போய்விடுமே என்று நிற்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் இறங்கிய அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உங்க நைனா கல்ல ஏத்தினா ஒரு மாதிரி ஓட்டுவாரு, ஆள ஏத்தினா ஒரு மாதிரி ஓட்டுவாரு. ஏண்டி, நான் இன்னா கல்லா? அந்த சைக்கிள்காரன் இன்னா கல்லா? இனிமே உன் வண்டில நான் ஏற மாட்டேன்."

ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டியது. பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். "கேஜுல ஆளு ஏறினா மூணு மணி அடிப்பாங்க. உங்க நைனா திருப்பி மூணு அடிப்பாரு. நீங்க உள்ள இருக்கறது எனக்குத் தெரியும்னு சொல்றது அது. அப்புறந்தான் வண்டி நகரும். கேஜு நிக்கும்போது குலுங்கி முட்டி மடங்கலன்னா, இன்னிக்கு நம்ம டிரைவருதான்டான்னு உள்ள இருக்கறவங்க சொல்லுவாங்களாம்."

அப்படியானால் எட்டு வயதில் நான் பார்த்தது கல் ஏறிய வேகம். ஆளை ஏற்றி நீ ஓட்டியதை நான் பார்த்ததே இல்லை. ஏன் நீ ஒரு நாளும் சொல்லவில்லை? நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டுச் சிரித்தாயே, அது கல்லுக்கான வேகம் என்று தெரிந்துதான் சிரித்தாயா?

மறுநாள் பால்காரரைத் தேடிப் போனேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "பால் போனா போவுது மேடம். பின்னால என் பொண்ணு குந்திக்கினு இருந்தாளே, பாக்கலியா நீங்க?" என்றார்.

நான் பார்க்கவில்லை. பால் கேன்தான் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும். முட்டியில் சிராய்த்து, மருந்து பூசியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க புதுசா ஓட்றீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப மெதுவா போங்க." வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது சாலையில் போகும்போது எனக்கு இதே யோசனை. உனக்காவது கேஜில் யார் என்று சொல்ல ஒருவர் மணி அடித்தார். இங்கே எனக்கு யார் அடிப்பார்கள்? முன்னால் திணறித் திணறிப் போகிற ஆட்டோவில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கலாம். கிராஸில் தயங்குகிறவருக்கு அம்மா மாதிரி ஒரு கண் மங்கலாக இருக்கலாம். எதிர்வீட்டுத் திவ்யாவும் எல் போர்டு மாட்டியிருக்கிறாள். "ஹார்ன் அடிச்சாலும் நகர மாட்டேன்றாங்கக்கா, இன்னா பண்றது?" என்று அவள் கேட்டபோது, "உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்தியா?" என்றேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப்போனேன். வழிவிட்டுப் பார், எதிரே வருகிறவர் கையைத் தூக்குவார், அதுவும் ஒரு மணிதான் என்று காட்டினேன். நாலு பேரில் ஒருவர்தான் தூக்கினார். மீதி மூன்று பேர் ஏன் தூக்கவில்லை என்று அவளுக்கு இப்போது பெரிய ஆராய்ச்சி.

அம்மா மட்டும் அசையவில்லை. ஒரு மாதமாக, மங்கல் கண்ணோடு, எங்கே போனாலும் நடைதான். அவளோடு போகும்போது நானும் காரை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

இன்று காலை மறுபடியும் கண் காட்டப் போகும் நாள். அரைமணி முன்னாலேயே வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, ஹார்ன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவள் தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து ஏறினாள். கதவை இரண்டு தடவை அறைந்தாள். நான் சாவியில் கை வைத்தேன். பிறகு என் சீட்டின் முதுகில் விரல் மடக்கித் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

சாவியை விட்டுவிட்டு ஸ்டியரிங்கில் மூன்று தட்டினேன்.

"இப்ப எடு" என்றாள் அம்மா.

நைனா, இனி திருப்பித் தட்டாமல் வண்டியை எடுக்க மாட்டேன். மணி கேட்காத இடத்திலெல்லாம் உள்ளே ஆள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். ஸ்டேஷனில் அம்மாவின் முட்டி மடங்கவில்லை, விசாரித்துவிட்டேன்.

உன் செல்வி,
டிரைவர் மகள், டிரைவர்